எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது

இனிமேல் தன் எழுத்தில் எவனும் கை வைக்கக் கூடாது என்று வெங்கடபதி சபதம் எடுத்தது தொண்ணூற்றேழாம் வருஷம், ஒரு மோட்டார் கம்பெனியின் வாசலில் நின்றுகொண்டு. அவர் போட்ட பம்பு டிராயிங்கில் அவரைக் கேட்காமலே மேனேஜர் ஒரு கோட்டை மாற்றிவிட்டார். மாற்றிய பிறகு பம்பு முன்பைவிட நன்றாக ஓடியது. அதைத்தான் வெங்கடபதியால் தாங்க முடியவில்லை. ராஜினாமாவை எழுதி மேஜையில் வீசிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

சபதத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. 'எவனும்' என்றாரே தவிர 'எவளும்' என்று சொல்லவில்லை. வீட்டில் பங்காரம்மா இருந்தாள்.

யோசித்துப் பார்த்தால் கம்ப்யூட்டர் ஒன்றுதான் தனக்குச் சரிப்படும் என்று வெங்கடபதிக்குத் தோன்றியது. எழுதுகிறவன் சொன்னதை மெஷின் அப்படியே கேட்கும். எதிர்த்துப் பேசாது. இந்த வயதில் அப்படி ஒரு ஜீவன் கிடைப்பது அபூர்வம். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் நரசிம்மலு என்பவர் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தார். கீழே ஆட்கள் அலறுவார்கள், மேலே ஆட்கள் படிப்பார்கள். 'தம்பதியராகச் சேர்ந்தால் இரண்டாமவருக்குப் பாதிக் கட்டணம்' என்று வாசலில் பலகை வைத்திருந்தார். வெங்கடபதி அந்தப் பலகையைப் படிக்காமல் உள்ளே போனார். பின்னால் வந்த பங்காரம்மா படித்துவிட்டாள்.

பாதிக் கட்டணம் என்று எழுதியிருந்தால் பங்காரம்மா விண்வெளிக்குக்கூடப் போய்விட்டு வருவாள். மறுநாள் முதல் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. வகுப்பில் அவள் அடித்து முடித்துவிட்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பாள். அவர் அரைப்புள்ளியைத் தேடிக்கொண்டிருப்பார். வேகம் வேறு, ஞானம் வேறு என்று அவர் அடிக்கடி சொல்லிக்கொண்டார். அவள் மறுக்கவில்லை. வேகமாகத் தலையாட்டினாள்.

படிப்பு முடியும் முன்பே ஒரு வேலை வந்தது. சென்னிமலையில் பெட்ஷீட் மொத்த வியாபாரம் செய்யும் லட்சுமிநாராயணன், தன் கடைக்கு ஆர்டர் எடுக்க, பில் போட, தள்ளுபடி கணக்கிட ஒரு புரோகிராம் வேண்டும் என்று நரசிம்மலுவிடம் கேட்டார். நரசிம்மலு அதை இந்தத் தம்பதியிடம் தள்ளிவிட்டார். வெங்கடபதிக்குத் தலைகால் புரியவில்லை. இது மட்டும் நல்லபடியாக முடிந்தால் இதையே தொழிலாக்கிக்கொள்ளலாம். முடியாவிட்டால் பழைய மேனேஜர் முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அதற்குப் பதில் கீழே ஆஸ்பத்திரியில் எல்லாப் பல்லையும் பிடுங்கிக்கொள்ளத் தயார் என்றார்.

முதல் தடவை கடைக்குக் கொண்டுபோய்க் காட்டியபோதுதான் வினை வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவேண்டியவர் மாசாணம். கடைக்குப் பழைய கணக்கர், நரைத்த மீசை, துவைத்து மடித்த வேட்டி. ஒரு எண்ணை மாற்றி அடித்துவிட்டார். திரையில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் வந்தது: செல்லாத பதிவு, மறுபடி அடி. மாசாணம் அதை மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

“எங்க மொதலாளிகூட என்னைய இப்படி எடுத்தெறிஞ்சு பேசினதில்லீங்க,” என்றார்.

லட்சுமிநாராயணனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார். கணக்கெல்லாம் நல்லாத்தான் வருதுங்க, ஆனா மெஷின் கொஞ்சம் மட்டுமரியாதை இல்லாமப் பேசுதுங்களே, ஒரு வாரம் எடுத்துக்கிட்டு அதைக் கொஞ்சம் பாருங்க என்று தழைந்த குரலில் சொல்லி, இளநீர் கொடுத்து அனுப்பினார்.

பஸ்ஸில் வரும்போதே பங்காரம்மா தீர்வைச் சொல்லிவிட்டாள். ஆங்கில எழுத்திலேயே தமிழை அடித்துவிடலாம், கடைசியில் ஒரு 'ங்க' சேர்த்தால் போதும் என்றாள். வெங்கடபதி சிங்காநல்லூர் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. இறங்கியதும் திறந்தார்.

“மெஷினுக்கு ங்க போட முடியாது. அது மெஷின்.”

“கேக்கறது மனுசனுங்க.”

“உலகம் பூரா இப்படித்தான் போடறாங்க.”

“உலகம் பூரா சென்னிமலைக்கு வந்து பெட்ஷீட்டு வாங்குதுங்களா?”

அந்த வீட்டில் சண்டையைத் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பது வழக்கம். அன்றைக்கு நேராகத் தமிழிலேயே ஆரம்பித்ததால் விஷயம் முற்றிவிட்டது என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது.

மறுநாள் சென்டரில் ஆளுக்கொரு டெர்மினலில் உட்கார்ந்தார்கள். திரையும் கீபோர்டும்தான் ஆளுக்கொன்று; மெஷின் ஒன்று, ஃபைலும் ஒன்று. வெங்கடபதி தள்ளுபடிக் கணக்கில் இருந்த ஒரு தப்பைக் கண்டுபிடித்து, வியர்த்து விறுவிறுத்துச் சரிசெய்து சேமித்துவிட்டு, “முடிச்சுபோட்டேன்,” என்றார். பக்கத்து டெர்மினலில் பங்காரம்மா காலையில் திறந்து வைத்த பழைய பிரதியில் ங்க சேர்த்துக்கொண்டிருந்தாள். அதை அவள் அதன்மேலேயே சேமித்துவிட்டு, “மாத்திப்போட்டேனுங்க,” என்றாள். இவர் முடித்துப்போட்டதை அவள் மாற்றிப்போட்டதில் தள்ளுபடி போய்ச் சேர்ந்தது. போன தள்ளுபடி எங்கே என்று மெஷினுக்கும் தெரியவில்லை.

இரண்டு பேரும் போட்ட சண்டைச் சத்தம் கேட்டுக் கீழே பல் ஆஸ்பத்திரியில் ஒருவர் வாயை மூடிக்கொண்டார். நரசிம்மலு ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. இரண்டு பேருக்கும் வெர்ஷன் கன்ட்ரோல் சொல்லித்தரும் நேரம் வந்துவிட்டது என்றார். குடும்பத்தில் கன்ட்ரோல் என்ற வார்த்தையைக் கேட்டதும் வெங்கடபதி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஊட்டை உட்டுக் கெளம்பறப்ப போறேன்னு சொல்றமுங்களா? போயிட்டு வாரேன்னுதானுங்க சொல்றோம்,” என்று ஆரம்பித்தார் நரசிம்மலு. “ஃபைலும் அப்படித்தானுங்க. வெளியே எடுக்கறது போயிட்டு. திருப்பிக் கொண்டாந்து வெக்கறது வாரேன். ஒவ்வொருக்கா வெக்கறப்பவும் புதுசா ஒரு நம்பர் உழுகும். பழைய நம்பரு எதுவும் அழியாது. எப்ப வேணும்னாலும் பழசைத் திருப்பி எடுத்துக்கலாமுங்க.”

அடுத்து அவர் சொன்னதுதான் வெங்கடபதிக்குத் தேனாக இனித்தது. ஃபைலை எடுத்துக்கொண்டு போகிறவர், அதன்மேல் தன் பேரில் பூட்டுப் போட்டுவிட்டுப் போகலாம். அவர் திருப்பி வைக்கிறவரை மற்றவர்கள் பார்க்கலாம், படிக்கலாம். அதற்குமேல் அடுத்த நம்பரை வைக்க முடியாது. அவசரம் என்றால் யாராவது பூட்டை உடைக்கலாம். ஆனால் உடைத்த உடனே பூட்டுக்காரருக்கு மெஷினே தபால் எழுதிச் சொல்லிவிடும்.

“யாரு உடைச்சாங்கன்னு பேரோட வருமுங்களா?” என்று கேட்டார் வெங்கடபதி.

“பேரோட வருமுங்க.”

இத்தனை வருஷ இல்லறத்தில் அவர் ஏங்கிக்கொண்டிருந்த ஏற்பாடு இதுதான்.

பிறகு நரசிம்மலு, இன்னொன்று இருக்கிறது, கிளை என்று பேர் என்றார். வெங்கடபதி கையமர்த்தினார். இந்த ஊரில் அவருடைய அப்பா காப்பித்தூள் கடை வைத்திருந்தார். 'எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது' என்று பலகையில் கடையின் பேரைவிடப் பெரிதாக எழுதியிருந்தார். எந்தப் புண்ணியவானும் அவர் பேரில் போலிக் கடை திறக்க முயலவில்லை என்பது வேறு விஷயம். கிளை என்றால் போலி, கிளை என்றால் துரோகம் என்றே வெங்கடபதி வளர்ந்தார். நமக்குக் கிளையெல்லாம் வேண்டாம், மூலக்கடை ஒன்று போதும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்க இறங்கிப் போய்விட்டார். பங்காரம்மாவுக்கு டீ பிடிக்காது. அதனால் அவள் அங்கேயே இருந்தாள்.

டீயைக் குடித்துவிட்டுத் தெம்பாக வந்து, அவள் போட்ட ங்கவையெல்லாம் எடுத்துவிட்டு, தொலைந்த தள்ளுபடியை மறுபடி எழுதிச் சேர்த்தார். நரசிம்மலு சொல்லிக்கொடுத்தபடி திருப்பி வைத்தார். பாடத்துக்காக நரசிம்மலு முன்பே இரண்டு தடவை வைத்துக் காட்டியிருந்ததால் மூன்றாம் நம்பர் விழுந்தது. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஒரு மனிதன் எதிர்ப்பைக் காட்டுவதென்று இறங்கினால் பாதியில் நிற்க முடியாது. ஆங்கில அதட்டலை இன்னும் பெரிய எழுத்தாக்கினார். அது கண் சிமிட்டும்படி செய்தார். கூடவே கீச் கீச்சென்று சத்தம் போடும்படியும் செய்து, நான்காம் நம்பராக வைத்து, அதன்மேல் தன் பேரில் பூட்டையும் போட்டார். பிறகு நாற்காலியைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

“பூட்டிப்போட்டேன்.”

“பாத்தேனுங்க.”

“இனி ஒரு எழுத்து மாத்தோணும்னாலும் எங்கிட்ட கேக்கோணும்.”

“ஏனுங்க, ங்க மட்டும் சேத்திக்கட்டுமுங்களா?”

“முடியாது.”

“சரிங்க,” என்றாள் பங்காரம்மா.

கொங்கு நாட்டில் ஒரு பெண் இவ்வளவு சீக்கிரம் 'சரிங்க' சொன்னால் கணவன் பயப்பட வேண்டும். வெங்கடபதி பயப்படவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் பருப்பும் நெய்யும் தாராளமாக இருந்தன; அதையும் வெற்றியின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் தபாலுக்காகக் காத்திருந்தார். பங்காரம்மா பூட்டை உடைப்பாள், மெஷின் எழுதும், அதைக் காகிதத்தில் அடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம், ஆயுசுக்கும் உதவும் என்பது அவர் திட்டம். சென்டருக்குள் நுழைந்ததும் முதலில் தபால் பெட்டியைத்தான் பார்ப்பார். ஒன்றும் வராது. பக்கத்து டெர்மினலில் பங்காரம்மா எதையோ அமைதியாக அடித்துக்கொண்டிருப்பாள். எட்டிப் பார்த்தால் கௌரவக் குறைச்சல் என்று எட்டிப் பார்க்கவில்லை. என்ன அடிக்கிறாய் என்று ஒருமுறை மட்டும் கேட்டார். பழகிக்கறேனுங்க என்றாள். பழகட்டும், கெட்டிக்காரப் பெண்தான், பூட்டு இல்லாமல் என்ன செய்துவிடப் போகிறாள் என்று அவர் மனம் இளகியது. பூட்டை எடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார். உடனே பழைய மேனேஜரின் முகம் நினைவுக்கு வந்தது. எடுக்கவில்லை.

கொடுக்கவேண்டிய நாளில் சிங்காநல்லூரில் பஸ் ஏறினார்கள். அவர் சட்டைப் பையில் ஃபிளாப்பி இருந்தது. அவள் கையில் தேங்காய், பழம், பூ வைத்த கூடை. வந்ததுதான் வந்தோம், மலை ஏறி முருகனைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றாள். அதுவும் நல்ல யோசனைதான் என்று அவர் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்.

கடையில் பெட்ஷீட் கட்டுகளுக்கு நடுவே கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். லட்சுமிநாராயணன் கை கூப்பினார். மாசாணம் தயக்கத்தோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வெங்கடபதியின் ஃபிளாப்பி உள்ளே போனது. கணக்கு சரியாக வந்தது. தள்ளுபடி சரியாக வந்தது. மாசாணத்துக்கு லேசாகத் தெம்பு வந்து, கொஞ்சம் வேகமாக அடித்து, விரல் வழுக்கியது.

மெஷின் கீச்சிட்டது. ஆங்கிலம் கண் சிமிட்டியது. கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாசாணத்தின் முகம் சிவந்துவிட்டது. அவர் எழுந்து, தோள் துண்டை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“நாலு பேருக்கு முன்னால வெச்சுக் கூப்பாடு போடுதுங்களே,” என்றார் தன் முதலாளியிடம். “எனக்குக் கைக்கணக்கே போதுமுங்க.”

லட்சுமிநாராயணன் நல்ல மனிதர், வேண்டாம் என்று சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தார். வெங்கடபதிக்கு வேலை போகிறது என்று தெரிந்தது. ஆனாலும் வாய், அதெல்லாம் போகப் போகப் பழகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. தோற்கும்போதும் விறைப்பாகத் தோற்பதென்று முடிவு செய்திருந்தார்.

அப்போது பங்காரம்மா கூடையில் இருந்த தேங்காயை நகர்த்தினாள். அதன் அடியில், பூச்சரம் சுற்றிய இன்னொரு ஃபிளாப்பி இருந்தது.

“இதையும் ஒருக்கா போட்டுப் பாருங்க,” என்றாள்.

மாசாணம் உட்காரவில்லை. நின்றபடியே, வேண்டுமென்றே தப்பாக ஒரு எண்ணை அடித்தார். மெஷின் கீச்சிடவில்லை. திரையில் அடக்கமாக ஒரு வரி வந்தது. ஆங்கில எழுத்து, ஆனால் தமிழ்: தப்பாப் போச்சுங்க, இன்னொருக்கா போடுங்க.

மாசாணம் வாய்விட்டுப் படித்தார். இரண்டாம் தடவை எல்லாருக்கும் கேட்கப் படித்தார். பிறகு உட்கார்ந்து, “பரவால்லீங்க, எம்மேலதான் தப்புங்க,” என்று மெஷினிடம் சொல்லிவிட்டுச் சரியான எண்ணை அடித்தார். அதன் பிறகும் அவர் பலமுறை வேண்டுமென்றே தப்பு செய்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அது மரியாதை குறையாமல் பேசியது. துணி மடிப்பவர்களில் ஒருவர் வந்து, எனக்கும் ஒருக்கா சொல்லச் சொல்லுங்க என்று கேட்டு ஒரு தப்பு செய்துவிட்டுப் போனார்.

வெங்கடபதி மனைவியைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

“பூட்டை உடைச்சுட்டியா?”

“இல்லீங்க. நாலாவது நம்பருக்குத்தானுங்க பூட்டு. மூணாவது சும்மாதான இருந்துது. அதுல இருந்து ஒரு கிளை எடுத்துக்கிட்டேனுங்க.”

“கிளையா?”

“பழைய நம்பருல இருந்து தனியாப் பிரிச்சு எழுதிக்கலாமுன்னு, நீங்க டீ குடிக்கப் போயிருந்தப்ப சொன்னாருங்க.”

நாலாம் நம்பர் பத்திரமாக அவர் பேரில் பூட்டிக் கிடந்தது. அதை உடைக்க உலகத்தில் ஒருவருக்கும் தேவை இருக்கவில்லை. லட்சுமிநாராயணன் வெற்றிலைத் தட்டோடு வந்து, இதை யார் எழுதினது என்று கேட்டார்.

“எல்லாம் அவரு எழுதினதுதானுங்க,” என்றாள் பங்காரம்மா. “நான் ங்க மட்டும் போட்டேன்.”

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அதனால்தான் அவருக்கு அவ்வளவு வலித்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார். மலைப்படி முழுக்க அவளுக்கு இரண்டு படி முன்னாலேயே ஏறினார். முருகனிடம் அன்று அவர் எதுவும் வேண்டிக்கொள்ளவும் இல்லை. வெறும் முறைப்புதான்.

ஆனால் வெங்கடபதி அத்தோடு அடங்குகிற ஆள் இல்லை. மறுநாள் சென்டருக்குள் நுழைந்ததுமே தன் நிபந்தனையைச் சொன்னார். வாடிக்கையாளர் கையில் இருப்பது ஒரு கிளை, மூலம் இங்கே தன்னிடம் இருக்கிறது, இந்த நிலைமை தன் குடும்பத்துக்கே அவமானம். எனவே கிளையை அடிமரத்தோடு சேர்த்து மூலமாக ஆக்க வேண்டும், அதுவும் உடனே ஆக வேண்டும் என்றார்.

“செஞ்சுபோடலாமுங்க,” என்றாள் அவள். “ஆனா சேத்தி வெக்கோணும்னா நாலாவது மேல இருக்கற பூட்டை நீங்க எடுக்கோணுமுங்களே.”

அவர் யோசித்தார். தானே நிபந்தனை போட்டு, தானே பூட்டை எடுப்பதில் தோல்வி எதுவும் இல்லை. சொல்லப்போனால் இது ஒரு ராஜதந்திரம். ஒரு மன்னர் கோட்டைக் கதவைத் திறக்கிற தோரணையில் கட்டளையை அடித்துப் பூட்டை எடுத்தார். பங்காரம்மா நன்றி சொன்னாள். விறுவிறுவென்று எதையோ அடித்தாள். கிளை சேர்ந்தது, கீச்சும் சிமிட்டலும் போயின, ஐந்தாம் நம்பர் விழுந்தது. அவர் திருப்தியாக ஒரு பெருமூச்சு விட்டார்.

பெருமூச்சு முடியும் முன்பே தொலைபேசி அடித்தது. நரசிம்மலு எடுத்துப் பேசிவிட்டு வந்தார். சென்னிமலையில் இருந்து மாசாணம். மெஷின் தங்கமாகப் பேசுகிறதாம், ஆனால் தலையணை உறையைத் தனி பெட்ஷீட்டாக எண்ணித் தள்ளுபடியைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறதாம். திருப்பூர் வியாபாரி கடையிலேயே உட்கார்ந்திருக்கிறார், உடனே சரிசெய்து பஸ்ஸில் கொடுத்துவிட வேண்டும்.

அது வெங்கடபதியின் வரி. தன் கையால் எழுதிய வரி. எங்கே தப்பு என்று கேட்ட நொடியிலேயே தெரிந்துவிட்டது. ஒரு எழுத்தை மாற்றினால் போதும். உள்ளுக்குள் குதூகலமாகக்கூட இருந்தது. கடைசியில் கணக்கு என்று வந்தால் தன்னிடம்தானே வர வேண்டியிருக்கிறது. விரல்களைச் சொடுக்கிவிட்டு, ஃபைலை எடுத்துப் பூட்டுப் போடும் கட்டளையை அடித்தார்.

மெஷின் மறுத்துவிட்டது. ஐந்தாம் நம்பர் ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கிறது, பூட்டியவர் பெயர் பங்காரு என்றது. உடைத்தால் அவர் பேரோடு அவளுக்குத் தபால் போகும்; கிளை எடுக்கலாம் என்றால் அப்பாவின் பலகை தடுத்தது.

அவர் மெதுவாகத் திரும்பினார். பங்காரம்மா நெட்டி முறித்துவிட்டு ஜன்னல் வழியே தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பங்காரு, பூட்டைத் தொற,” என்றார்.

“காதுல உழுகலீங்க.”

“பூட்டைத் தொறன்னேன்.”

அவள் திரும்பவே இல்லை. தெருவில் அப்படி என்ன இருந்ததோ தெரியவில்லை. நரசிம்மலு வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் நகர்ந்தார். சென்னிமலையில் திருப்பூர் வியாபாரி உறை உறையாகத் தள்ளுபடி வாங்கிக்கொண்டிருந்தார். வெங்கடபதி கூரையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கல்யாணமான நாளில் இருந்து ஒரு தடவைகூட மனைவியிடம் சொல்லாத ஒன்றைத் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“கொஞ்சம் தொறந்து உடுங்க.”